கல்லாத்துத் தோட்டத்து அம்மன் மாடு

ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் கால்நடைத் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். போன முறை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி ஒருவர், இப்போதெல்லாம் மாட்டு ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு கைப்பேசிக்கே வந்துவிடுகிறது என்று பெருமையாகச் சொன்னார். பிறகு, “உங்க காலத்துல எது சார் ரொம்ப சுசா? ரோடா, அட்டையா, முட்டுற மாடா?” என்று கேட்டார். சுசா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தொல்லை. நான் கோழித் துண்டைக் கடித்துக்கொண்டே, “மாடு ஒரு நாளும் சுசா குடுத்ததில்லலா தம்பி” என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பாதி பதிலோடு எழுந்து போனவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். மீதிப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நான் மாட்டுக்கு ஊசி போடும் வேலைக்குப் போகிறேன் என்றதும், “மனுசனுக்கு வைத்தியம் பாத்த குடும்பம், இனி வாலைப் புடிக்கப் போவுது” என்று அம்மாவிடம் புலம்பினாராம். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வாரமே ஒரு எருமை என்னை வேலியோடு சேர்த்து நசுக்கியது. மற்றதையெல்லாம் வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த நாள் எங்கள் பேராக் மாநிலத்தை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டிப் போட்ட மணல் மேடுகள், பச்சைத் தண்ணீர்க் குட்டைகள். புல்கூட முளைக்காத அந்த மணலில் கோழி எருவைக் கொட்டிச் சீனர்கள் கீரை பயிரிட்டார்கள், குட்டையில் வாத்து வளர்த்தார்கள். ஆற்றோரக் கம்போங்குகளில், அதாவது கிராமங்களில், மலாய்க்காரர்களுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் ரப்பர், நாலு எருமை. தோட்டங்களில் நம் ஆட்கள். சிலிம் ரிவரிலிருந்து கோலா கங்சார் வரை நான் போகாத தோட்டம் குறைவு. விடியலில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போவார்கள், சாயங்காலம் மாட்டிடம் உட்காருவார்கள். மரம் சீவும் கூலியில் அரிசியும் பருப்பும் வரும். பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து, பெண்ணின் தோடு, டவுனில் படிக்கிறவனின் பஸ் காசு எல்லாம் மாட்டிலிருந்து வரும். மழைக்காலத்தில் மரம் சீவ முடியாது. மாடு மழையென்று பார்க்காது. “வீடு தொரையோடது, மரம் தொரையோடது, மாடு மட்டும்தான் நம்பளோடது” என்று ஒரு தோட்டத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சைப் பிறகு எல்லாத் தோட்டத்திலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டேன்.

பாலைச் சைக்கிளில் கட்டி ஈப்போவுக்குக் கொண்டுபோவார்கள். விற்றால் உண்டு, விற்காவிட்டால் வரும் வழியில் சாக்கடைக்கு. எழுபதுகளின் பின்பாதியில் பால் சேகரிப்பு நிலையங்கள் வந்தபோதுதான் அந்தக் கவலை தீர்ந்தது. கறந்த பாலை நிலையத்தில் ஊற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஒரே நிபந்தனை: தோட்டத்து மாடு எல்லாவற்றுக்கும் காசநோய்ச் சோதனை செய்து, நோயில்லை என்று தெரிய வேண்டும். ஒரு மாட்டுக்கு இருந்தாலும் அந்தத் தோட்டத்துப் பால் நிலையத்துக்குள் போகாது.

அந்த நேரத்தில்தான் எங்கள் மாவட்டத்துக்கு டாக்டர் ரொகாயா மாற்றலாகி வந்தார். கிளந்தான் மாநிலத்துக்காரர். வயலில் எருமை ஓட்டிய வீட்டுப் பெண், படித்துக் கால்நடை மருத்துவரானவர். கணவர் ஆசிரியர். ஹாஷிம் என்று ஒரே பையன், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். நான் அவரை மலாய் மரியாதைப்படி புவான் என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் அவர் டாக்டரம்மா.

எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகைக்கு வெளியே நின்று, வீட்டுக்காரர் வா என்று சொல்லும்வரை காத்திருந்தவர் இவர் ஒருவர்தான். உள்ளே போகுமுன் மருந்துத் தண்ணீரில் பூட்ஸைக் கழுவுவார். வெளியே வந்ததும் கழுவுவார். இரண்டையும் வீட்டுக்காரர் கண் முன்னால்தான் செய்வார். மூக்கணாங்கயிற்றை என்னிடம் கொடுக்க மாட்டார். “மாட்டுக்குத் தெரிஞ்ச கை பிடிக்கட்டும், சவரி. உன் கை அதுக்குத் தெரியாது” என்பார். எல்லாம் மலாயில்தான். ஆனால் மாட்டிடம் மட்டும் தமிழ். “நில்லு தாயி, நில்லு” என்று எங்கேயோ கற்றுக்கொண்டிருந்தார். மலாய்க்கார அம்மாள் வாயில் அந்தத் ‘தாயி’ வந்ததும் பெண்கள் முக்காட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் பல நாள் மாட்டிறைச்சி ரெண்டாங் மணக்கும். தோட்டத்துக்குப் போகிற நாளில் மட்டும் பொரித்த மீனும் சோறும்தான் இருக்கும். இதைக் கவனிக்க எனக்கே பல மாதங்களாயின. அவராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபமும் உண்டு அவருக்கு. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் குரல் இறங்கினால் எங்கள் டிரைவர் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

கல்லாத்துத் தோட்டம் கோலா கங்சார் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அங்கே எங்களுக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்தவர் லெட்சுமி அக்கா. பால்மரம் சீவுகிறவர், கணவர் இல்லை, குணா என்று ஒரே மகன். குணா ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மோட்டோவில் தினமும் போய் வந்துகொண்டிருந்தான். பெரிய சாலையில் மரம் ஏற்றிய லோரிகளுக்கு நடுவே அவன் போகிற நினைப்பிலேயே அக்காவுக்குப் பாதி உயிர் போய்விடும். டாக்டரும் அவரும் பார்த்துக்கொண்டால் முதல் பேச்சு பிள்ளைகளைப் பற்றித்தான். “சின்னவரு நடக்கிறாரா?” என்று அக்கா கேட்பார். “மோட்டோக்காரர் வந்துட்டாரா?” என்று டாக்டர் கேட்பார்.

சோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மாட்டின் கழுத்தில் ஒரு சின்ன இடத்தில் முடியை மழிக்க வேண்டும். தோலை மடிப்பாகப் பிடித்து, அளவுகோல் இடுக்கியால் அதன் தடிமனைப் பார்க்க வேண்டும். பிறகு தோலுக்குள் மட்டும் மருந்து போகும்படி ஊசி. சரியாகப் போனால் விரலுக்குப் பட்டாணி போல ஒரு முடிச்சு தட்டுப்படும், இல்லையென்றால் ஊசி வீண். மூன்றாம் நாள் திரும்ப வந்து அதே இடத்தை அளக்க வேண்டும். வீங்கியிருந்தால் மாட்டுக்கு நோய். டாக்டர் அந்த இரும்பு இடுக்கியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துதான் தோலில் வைப்பார். குளிர்ந்த இரும்பு பட்டால் மாடு தோலைச் சிலிர்க்கும், அளவு தப்பும்.

முதல் சுற்றில் கல்லாத்தில் இரண்டு மாடுகளுக்கு வீங்கியது. அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்து எடுத்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் அழுதார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். அடுத்த சுற்றில் சுத்தமாக இருக்கும் என்று நம்பிப் போனோம். இரண்டு கிடேரிகளுக்கு வீங்கியிருந்தது. இரண்டும் அதே தோட்டத்தில் பிறந்து, வெளியே எங்கும் போகாதவை. நிலையத்துக்குப் பால் ஊற்றும் நாள் மறுபடி தள்ளிப் போனது.

அதே சமயத்தில் கோயில் பூசாரி குப்புசாமியின் பேத்தி தேவிக்குக் கழுத்தில் கட்டி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய்க் கட்டி என்றார்கள். நோய்ப்பட்ட மாட்டின் காய்ச்சாத பாலிலிருந்தும் அது வரும். பச்சைப் பால் குடிப்பாளா என்று கேட்டதற்கு, இல்லை, எங்கள் வீட்டில் காய்ச்சித்தான் குடிப்போம் என்று பூசாரி சத்தியம் செய்திருக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

“வெளி மாடு எதுவும் வருதா?” என்று டாக்டர் திடலில் நின்று கேட்டார். வரவில்லை. “யாராவது ஒளிச்சு வெச்சிருக்காங்களா?” நான் அதைத் தமிழில் கேட்டதும் எல்லாருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அப்போது மணிச் சத்தம் கேட்டது. கழுத்தில் வெண்கல மணியும் நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு செவலைப் பசு, வரிசையாகக் கட்டியிருந்த மாடுகளுக்கு நடுவே புகுந்து வந்தது. தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. ஆட்கள் வழிவிட்டு விலகினார்கள். யாரும் அதைத் துரத்தவில்லை.

“இது யாருடைய மாடு?” என்றார் டாக்டர்.

“யாரோடதும் இல்லீங்க. அம்மன் மாடு” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“போன தடவை இது எங்க இருந்துச்சு?”

“இங்கதான் நின்னுச்சு டாக்டரம்மா. அவுங்கவுங்க மாட்டைத்தானே ஓட்டியாரச் சொன்னாங்க? இது யாரு மாடும் இல்லையே.”

சொன்னவர் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு. அதற்குச் சொந்தக்காரி அம்மன். அம்மனிடம் போய் யார் உன் மாட்டைக் கொண்டுவா என்று சொல்வது? நானும் அந்த மாட்டை எத்தனையோ முறை பார்த்தவன்தான். நான் வேதக்காரன், அந்த விஷயத்தில் தலையிடுகிறவன் இல்லை. ஆனால் வேதக்காரனான எனக்கும் அது மாட்டுக் கணக்கில் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நம் ஆட்களோடு வளர்ந்தால் நம் ஆட்களைப் போலத்தானே கண்ணும் பார்க்கும்.

டாக்டர் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பால் குடுக்குதா?”

“குடுக்குது.”

“அந்தப் பால் எங்க போகுது?”

பூசாரிதான் பதில் சொன்னார். “வெள்ளி, செவ்வாய் அம்மனுக்கு அபிஷேகங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் தீர்த்தமா…” பூசாரியின் வலது கை தானாகவே கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஊற்றுவது போல அசைந்தது. பாதியில் நின்றுவிட்டது. அவர் கண் கூட்டத்தில் பேத்தியைத் தேடியது. தோட்டத்துப் பிள்ளைகளில் கோயிலுக்குள்ளேயே வளர்ந்தவள் அவள்தான். முதல் தீர்த்தம் எப்போதும் அவளுக்குத்தான்.

அது பால் என்று அந்த மனிதருக்கு அதுவரை தோன்றவே இல்லை. வீட்டில் குடிப்பது பால், கோயிலில் குடிப்பது தீர்த்தம். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாட்டை நேர்ந்துவிட்டவர் லெட்சுமி அக்கா. குணா சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் இனி சாமிதான் என்று கை விரித்துவிட்டார்களாம். இவன் பிழைத்தால் என் மாடு போடும் முதல் கிடேரி உனக்கு என்று அக்கா வேண்டிக்கொண்டார். பிழைத்தான். கொடுத்தார். அதைக் குளிப்பாட்டுவதும் கறப்பதும் அவர்தான் என்றாலும் ஒரு நாளும் என் மாடு என்று சொன்னதில்லை. டாக்டர் கேட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு அருகே போனார். “நில்லு தாயி” என்று மெதுவாகச் சொல்லி ஊசி போட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் போனபோது அளவுகோலே தேவைப்படவில்லை. கழுத்தில் கை நிறைய வீங்கியிருந்தது. ஆனாலும் டாக்டர் அளந்தார், பிறகு என்னிடம் கொடுத்து என்னையும் அளக்கச் சொன்னார். கவிழ்த்து வைத்திருந்த பால் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு அளவையும் எழுதிக்கொண்டார்.

கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். நோய்ப்பட்ட மாட்டை எடுத்தாக வேண்டும், இது சட்டம் என்று நான் சொன்னேன். லெட்சுமி அக்கா எழுந்தார். சத்தமாகப் பேசவில்லை.

“டாக்டரம்மா, இது என் மாடா இருந்தா இப்பவே அவுத்துக் குடுத்திருவேன். மத்தவுங்க குடுக்கலையா? இது நான் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி எடுத்து அறுக்க விட்டா, அவ குடுத்ததை அவ திருப்பிக் கேப்பா. எனக்கு அவ குடுத்தது என் பிள்ளை. அவன் தினம் அந்த ரோட்டுல போறான்.”

ஒரு பக்கம் தேவி, கழுத்துக் கட்டோடு பாட்டனின் மடியில். இன்னொரு பக்கம் ஈப்போ சாலையில் எங்கேயோ குணாவின் மோட்டோ. நடுவில் மாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பூசாரி எங்கள் இருவரையும் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டார். அம்மனிடம் பூப் போட்டுக் கேட்கலாம் என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு, பிரித்துப் பார்க்காமல் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சிருவேன். லெட்சுமியும் நிம்மதியா ஒத்துக்குவா. சொல்லுங்க சவரி, டாக்டரம்மாகிட்ட” என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மொழிபெயர்த்தேன். டாக்டரின் குரல் இறங்கியது.

“ஒருத்தர்கிட்ட கேட்டா, வர்ற பதிலுக்குக் கட்டுப்படணும். சிவப்பு வந்தா நான் கட்டுப்பட மாட்டேன். அப்போ எனக்குக் கேக்கறதுக்கு உரிமை இல்ல. அவங்க தெய்வத்தை வெச்சு அவங்களை நான் ஏமாத்த மாட்டேன். நீங்களும் செய்யாதீங்க, பூசாரி.”

பூசாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “என் கையாலதான் ஊத்துனேன் சவரி, என் கையாலதான்.” டாக்டருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் பூசாரியின் தோளைத் தொடாமல், ஆனால் பக்கத்திலேயே, அவர் அழுது முடிக்கும்வரை நின்றார்.

பிறகு கொட்டகைக்கு வந்து, லெட்சுமி அக்காவின் எதிரில் வெறும் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்க்கச் சொன்னார். அக்காவை அவர் மலாய் வழக்கில் கா என்றுதான் கூப்பிடுவார்.

“கா, நான் உங்ககிட்ட அனுமதி கேக்கற மாதிரி நடிக்க மாட்டேன். இந்த மாட்டை நான் எடுத்தே ஆகணும். இல்லேன்னா இன்னொரு பிள்ளைக்குக் கட்டி வரும். ஆனா எப்படி எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க. அதன்படி செய்யறேன்.”

அக்கா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். “கசாப்புக்குப் போவக் கூடாது. கத்தி படக் கூடாது. தோட்டத்து மண்ணுலயே கிடக்கணும்.”

“சரி.”

“செத்த பெறகும் கத்தி படக் கூடாது.”

இதற்கு நான் டாக்டரைப் பார்த்தேன். செத்த மாட்டை அறுத்து, உள்ளே கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் முறை. சோதனை சரியென்பதற்கு அதுதான் சான்று. அதைச் செய்யாவிட்டால் தலைமை அலுவலகம் சும்மா விடாது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். “சரி” என்றார்.

“அப்புறம் ஒண்ணு கேக்குறேன். நேத்திக்கடன் முறிஞ்சா யாரு பொறுப்பு?”

டாக்டர் யோசிக்கவே இல்லை. “சாயா தங்கோங்” என்றார். நான் சுமக்கிறேன் என்று அர்த்தம். அந்த மலாய் அங்கே எல்லாருக்கும் புரியும். நான் மொழிபெயர்க்கவில்லை.

“செய்யறது நான். நீங்க இல்ல. உங்க அம்மன்கிட்ட அப்படியே சொல்லுங்க. கேக்கறதா இருந்தா என்கிட்ட கேக்கட்டும்.”

லெட்சுமி அக்கா அவர் முகத்தையே பார்த்தார். “உங்களுக்கும் ஒரே பிள்ளைதானே?”

“ஆமா.”

“தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான் கா.”

அக்கா எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாளைக் காலையில் என்று முடிவானது. ஜீப்பில் ஏறப் போன டாக்டர் திரும்பித் தோட்டத்து ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கேட்டுத் தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். ஹாஷிம் என்ன செய்கிறான், சாப்பிட்டானா, காய்ச்சல் ஏதும் இல்லையே என்று கேட்டார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர், எளிதாகச் சொல்லிவிட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். எளிதாகச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த வாசலில்தான் பக்தி மாதிரி ஆகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாள் காலை தோட்டமே திரண்டிருந்தது. வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, யாரும் போகவுமில்லை. இளவட்டங்கள் கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஆழமாகக் குழி வெட்டியிருந்தார்கள். குணாவும் அன்று பட்டறைக்குப் போகாமல் குழியில் இறங்கி மண் அள்ளினான். லெட்சுமி அக்கா மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கொம்புக்குப் பூச் சுற்றி, ஒரு சீப்பு வாழைப்பழம் ஊட்டினார். டாக்டர் கழுத்து நரம்பில் தானே ஊசி போட்டார். என்னிடம் கொடுக்கவில்லை. மாடு முன்னங்காலை மடித்துப் படுப்பது போலத்தான் சரிந்தது. அவர் மண்டியிட்டு, காதில் குழாயை வைத்து, இதயம் நிற்கும்வரை கேட்டார். நின்ற பிறகும் கேட்டார். அப்புறம் எழுந்து, மணியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார். சுண்ணாம்பு போட்டு மூடினோம். போகும்போது வழக்கம் போல எல்லார் முன்னிலும் பூட்ஸைக் கழுவினார்.

தலைமை அலுவலகம் ஏன் அறுத்துப் பார்க்கவில்லை என்று விளக்கம் கேட்டது. வாக்குக் கொடுத்திருந்தேன், பொறுப்பு என்னுடையது என்று அவர் பதில் சொன்னார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த முறை வேறொருவருக்குப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அடுத்த சுற்றிலும் அதற்கடுத்த சுற்றிலும் கல்லாத்தில் ஒரு மாட்டுக்கும் வீங்கவில்லை. பால் நிலையத்துக்குப் போகத் தொடங்கியது. தேவி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள்.

கோயில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து அபிஷேகம் செய்யலாமா, அதற்குத் தடை உண்டா என்று டாக்டர் பூசாரியிடம் கேட்டார். உத்தரவாக இல்லை, கேள்வியாக. பூசாரி தாடியைச் சொறிந்தார். “சாஸ்திரத்துல என்னா இருக்கோ தெரியாது. அம்மாளும் பிள்ளைங்கள வெச்சிருக்கிறவதானே? ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றார். அன்றிலிருந்து கல்லாத்து அம்மனுக்குக் காய்ச்சின பால்தான்.

எண்பதுகளில் எல்லாம் மாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனையை நட்டார்கள். மாடு குருத்தைத் தின்னும் என்று மாடுகளை வெளியேற்றச் சொன்னார்கள். பிறகு தோட்டத்தையே துண்டு போட்டு விற்றார்கள். மாட்டை விற்றுவிட்டு ஈப்போவுக்கு வந்தவர்கள் பழைய ஈயக் குட்டைகளை மூடிக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பால் பொட்டலத்தில் வாங்கினார்கள். சிலர் கஷ்டப்பட்டார்கள், சிலர் முன்னைவிட நன்றாகவே இருந்தார்கள். குணா சொந்தமாகப் பட்டறை போட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டான். டாக்டர் அதற்கு முன்பே கிளந்தானுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு திருவிழாவுக்கு ஈப்போ டவுன் மாரியம்மன் கோயிலுக்கு நண்பர்களோடு போயிருந்தேன். வேதக்காரனாக இருந்தாலும் கோயில் சாப்பாட்டை விடுகிறவன் இல்லை நான். பால்குடம் எடுத்து வந்தவர்களின் வரிசையில் மஞ்சள் சேலையில் லெட்சுமி அக்கா. தலை நரைத்திருந்தது. பின்னால் குணா, கையில் அவன் குழந்தை. அக்கா குடத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

“பேரு?” என்றார் குருக்கள்.

“ஹாஷிம்.”

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். “நட்சத்திரம்?”

“தெரியாது சாமி. தாயாரு பேரு ரொகாயா.”

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது போலவே அந்தப் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

“அவுங்க என் பாரத்த எடுத்து அவுங்க தலையில வெச்சிக்கிட்டாங்கல்ல, சவரி? இந்த அம்மன் பாட்டுக்கு அந்தப் பிள்ளையைத் தேடிக்கிட்டுப் போயிட்டா? அதான் வருசம் தவறாம வந்து சொல்லிட்டுப் போறேன், அதுவும் நம்ம பிள்ளைதான், தொடாதேன்னு.”

மாடு செத்த மறு வருடத்திலிருந்து அவர் இதைச் செய்து வருகிறார். யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடமும்.

நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆபீசில் எண்ணைத் தேடி எடுத்து, மறுநாளே கிளந்தானுக்குத் தொலைபேசி செய்தேன். ஹாஷிம் நன்றாக இருக்கிறானாம், பள்ளியில் பந்து விளையாடிப் பல்லை உடைத்துக்கொண்டானாம். நான் லெட்சுமி அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

“சவரி.”

“புவான்.”

“குடத்துல இருந்தது காய்ச்சின பாலா?”

“காய்ச்சி ஆறவெச்சது, புவான். நான் அக்காகிட்ட கேட்டுட்டேன்.”

“நல்லது” என்றார். குரல் இறங்கியிருந்தது. இத்தனை ஆண்டு பழக்கத்தில் எனக்குத் தெரியும், அது கோபம் இல்லை.